தெரியாத கணக்கு வந்தா எங்கிருந்து தொடங்குறது?

சுவர் இதழில் கணக்கைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் ராமானுஜன், 1729 என்றுதான் எழுதுவோம். போன தடவை நானும் அதைத்தான் எழுதினேன். இந்தத் தடவை மேதைகளைப் பற்றி இல்லை. என்னை மாதிரி கணக்குல சுமாரா இருக்கிறவங்களுக்காக எழுதுகிறேன். நல்லா கணக்கு போடறவங்களும் படிக்கலாம். தப்பு இருந்தா சொல்லலாம்.

காலாண்டுத் தேர்வில் ஒரு 5 மார்க் கணக்கு வந்தது ஞாபகம் இருக்கா? ஒரு செவ்வக நிலத்தின் நீளம் அதன் அகலத்தை விட 5 மீட்டர் அதிகம், சுற்றளவு 50 மீட்டர் எனில் பரப்பளவைக் காண்க. இதுதான் கணக்கு.

எனக்குச் சுற்றளவு சூத்திரம் தெரியும். பரப்பளவு சூத்திரமும் தெரியும். ஆனா நீளமும் கொடுக்கல, அகலமும் கொடுக்கல. அப்புறம் எதை எதோட பெருக்குறது? ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிக்கும்போது கண்ணு மட்டும்தான் எழுத்து மேல ஓடுச்சு, மண்டையில ஒண்ணும் ஏறல. வினா எண்ணை எழுதிட்டு அரைப் பக்கம் இடம் விட்டேன். கடைசியில நேரம் இருந்தா போடலாம்னு நினைச்சேன். கடைசியில நேரம் இருந்துச்சு. ஆனா போடல. கோடு போட்டு, நூல் கட்டி, பேப்பரைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

திருத்தின பேப்பர் வந்தப்போ டீச்சர் அந்த வெறும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாங்க. என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, தப்பா எழுதியிருந்தாக்கூட எதுவரைக்கும் சரின்னு பார்த்து ஒண்ணு ரெண்டு மார்க் போடுவேன். வெறும் இடத்துக்கு நான் என்ன மார்க் போடறது?" என்று கேட்டாங்க.

"எப்படித் தொடங்கறதுன்னு தெரியல டீச்சர்" என்றேன்.

"தெரியலன்னா அதோட முடிஞ்சுதா? தெரியாத கணக்கைத் தொடங்குறதுக்கும் வழி இருக்கு" என்று சொல்லிட்டு, அன்னைக்குப் பாடம் நடத்தாமல் அதைப் பற்றித்தான் பேசினாங்க. அதில் இருந்தும், அதுக்கப்புறம் நானே செய்து பார்த்ததில் இருந்தும் எழுதுகிறேன்.

ஜார்ஜ் போலியா என்று ஒரு கணித அறிஞர் இருந்தார். 1887-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். அவர் கல்லூரியில் முதலில் சேர்ந்தது கணக்குப் பாடத்தில் இல்லை, சட்டப் படிப்பில். அது பிடிக்காமல் மொழி, இலக்கியம், தத்துவம் என்று சுற்றிவிட்டுத்தான் கணக்குக்கு வந்தார். சுவிட்சர்லாந்திலும், பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். 1945-இல் "ஹவ் டு சால்வ் இட்" என்ற புத்தகத்தை எழுதினார். ஒரு கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதற்காகவே எழுதின புத்தகம். 1985-இல் 97 வயதில் இறந்தார். அவர் சொன்னது நாலு வேலை. முதலில் கணக்கைப் புரிந்துகொள்வது, அடுத்து வழி யோசிப்பது, அப்புறம் அதன்படி செய்வது, கடைசியில் திரும்பிப் பார்ப்பது. நாம மூணாவதில் இருந்துதான் தொடங்குவோம். கணக்கைப் பார்த்த உடனே கூட்டவா கழிக்கவா என்று கேட்போம். முதல் ரெண்டு வேலையும் பரீட்சையில் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

அந்தச் செவ்வகக் கணக்குக்கே வருவோம். புரிந்துகொள்வது என்றால் என்ன? டீச்சர் மூணு கேள்வி கேட்கச் சொன்னாங்க. என்ன கேட்கிறாங்க? என்ன கொடுத்திருக்காங்க? கொடுத்ததுக்கும் கேட்டதுக்கும் நடுவில் என்ன காணோம்? இங்க கேட்பது பரப்பளவு. கொடுத்தது சுற்றளவும், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசமும். நடுவில் காணாமல் போனது நீளமும் அகலமும். இதை எழுதினதுமே பாதி பயம் போயிடுது, ஏன்னா இப்ப தேட வேண்டியது எதுன்னு தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது படம். ஒரு செவ்வகம் வரைந்து, சின்னப் பக்கத்தில் "அகலம்" என்றும் பெரிய பக்கத்தில் "அகலம் + 5" என்றும் எழுதுங்க. சுற்றளவு 50 என்றால் ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்தது அதில் பாதி, 25. அதில் அந்த 5-ஐ எடுத்துட்டா ரெண்டு அகலம் 20. ஒரு அகலம் 10, நீளம் 15. பரப்பளவு 150 சதுர மீட்டர். அவ்வளவுதான். படத்தைப் பார்த்துக்கிட்டே வந்த விடை, சூத்திரம் கடைசி வரியில்தான் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அகலம் 10 என்று கண்டுபிடிச்சு அடிக்கோடு போட்டுட்டு நிறுத்திட்டா. கேட்டது பரப்பளவு என்பதை மறந்துட்டா. ஆனாலும் அவளுக்கு 3 மார்க் கிடைச்சுது. எனக்குப் பூஜ்யம்.

படமும் வரல, சமன்பாடும் வரலன்னா என்ன பண்றது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி: ஒரு விடையை ஊகிச்சுப் போட்டுப் பாருங்க. இது ஏமாத்து வேலை என்று நினைச்சிருந்தேன். இல்லையாம். அகலம் 8 என்று வைப்போம். நீளம் 13. சுற்றளவு 42. நமக்கு வேண்டியது 50, 8 குறையுது. இப்ப யோசிங்க. அகலத்தை 1 கூட்டினா நீளமும் 1 கூடும், சுற்றளவு 4 கூடும். 8 கூடணும்னா அகலத்தை 2 கூட்டணும். அகலம் 10. தப்பா ஊகிச்சதுதான் சரியான விடை எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி நூலிலும் ஒரு எண்ணை இஷ்டத்துக்கு எடுத்து வச்சுக் கணக்கைத் தீர்க்கிற முறை இருக்கு. அதுக்குப் பேரே இஷ்ட கர்மம். இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எடுத்துக்கறதுன்னு அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

படம் வரையறதைப் பற்றி இன்னும் ரெண்டு சொல்லணும், ஏன்னா இதில்தான் நாம நிறைய ஏமாறுறோம். 100 மீட்டர் நீளத்துக்கு நேரா ஒரு வேலி, 10 மீட்டருக்கு ஒரு கல் நடணும், எத்தனை கல்? வகுப்பில் கேட்டப்போ எல்லோரும் 10 என்றோம். நோட்டில் கோடு போட்டுப் பார்த்தா 11. ஆரம்பத்தில் ஒரு கல் வேணும்ல? ஆனா தோட்டத்தைச் சுற்றி வருகிற வேலியா இருந்து, சுற்றளவு 100 மீட்டர் என்றால் 10 கல் போதும், ஏன்னா கடைசிக் கல்லும் முதல் கல்லும் ஒண்ணுதான். இதை மனப்பாடம் பண்ண முடியாது. வரைஞ்சுதான் பார்க்கணும்.

இன்னொண்ணு கிணத்துத் தவளை. 20 அடி கிணறு. தவளை பகலில் 3 அடி ஏறும், ராத்திரி 2 அடி வழுக்கும். எத்தனையாவது நாள் வெளியே வரும்? ஒரு நாளைக்கு 1 அடி, அதனால 20 நாள் என்று நான் கையைத் தூக்கிச் சொன்னேன். டீச்சர் ஒண்ணும் சொல்லல. "சரி, கிணறு 3 அடின்னு வச்சுக்கோ. எத்தனை நாள்?" என்றாங்க. முதல் நாள் பகல்லயே 3 அடி ஏறி வெளியே வந்துடுமே! என் முறைப்படி பார்த்தா 3 நாள்னு வருது. அப்போ முறை தப்பு. மேலே வந்த பிறகு அது வழுக்காது என்பதை நான் யோசிக்கவே இல்லை. 17 நாள் முடிஞ்சா 17 அடி. 18-ஆவது நாள் பகலில் 3 அடி ஏறினா 20. வெளியே குதிச்சிடும். விடை 18. பெரிய எண்ணில் மறைஞ்சு கிடக்கிற தப்பு சின்ன எண்ணில் வெளியே தெரிஞ்சிடுது.

சின்னதாக்கிப் பார்ப்பது என்பது போலியா முக்கியமாகச் சொன்ன விஷயம். ஒரு கணக்கு முடியலன்னா அதே மாதிரி சுலபமான கணக்கு ஒண்ணை முதலில் போடணுமாம். விளையாட்டு விழாவுக்கு இறகுப்பந்துப் போட்டியில் 23 பேர் பெயர் கொடுத்திருந்தோம். தோற்றவர் வெளியே போகணும். மொத்தம் எத்தனை ஆட்டம் நடக்கும், எத்தனை இறகுப்பந்து வாங்கணும் என்று பி.டி. சார் பட்டியல் போட்டுக்கிட்டு இருந்தார். 23-இல் 11 ஜோடி, ஒருத்தர் ஆடாமலே அடுத்த சுற்று. 12 பேர், 6 ஆட்டம். அப்புறம் 3 ஆட்டம். அப்புறம் 3 பேரில் ஒரு ஆட்டம், ஒருத்தர் மறுபடியும் சும்மா. கடைசியில் இறுதி ஆட்டம். 11, 6, 3, 1, 1. மொத்தம் 22.

நான் அதைச் சின்னதாக்கிப் பார்த்தேன். 2 பேர் இருந்தா 1 ஆட்டம். 3 பேர் இருந்தா 2. 4 பேருக்கு 3. 5 பேருக்கு 4. எப்பவும் ஒண்ணு கம்மி. ஏன்? ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. நாம ஜெயிக்கிறவங்களையே பார்த்துக்கிட்டு இருக்கோம். தோற்கிறவங்களைப் பார்க்கணும். ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர்தான் தோற்பார். 23 பேரில் ஒருத்தர் மட்டும் தோற்காமல் இருப்பார். மீதி 22 பேரும் ஆளுக்கு ஒரு தடவை தோற்கணும். அதனால 22 ஆட்டம். எத்தனை சுற்று, யார் சும்மா போனாங்க என்பதெல்லாம் தேவையே இல்லை. மறுநாள் சார் கிட்ட சொன்னேன். "அட, ஆமா!" என்றார். (நான் முதல் சுற்றிலேயே தோற்றேன், அது வேற விஷயம்.)

எல்லோரும் எல்லோருடனும் ஆடணும்னா கணக்கு வேற. அப்போ 2 பேருக்கு 1, 3 பேருக்கு 3, 4 பேருக்கு 6, 5 பேருக்கு 10. புதுசா ஒருத்தர் வந்தா ஏற்கெனவே இருக்கிற எல்லார்கூடவும் ஒரு ஆட்டம் ஆடணும், அதனால 2, 3, 4 என்று கூடிக்கிட்டே போகுது. 23 பேருக்கு 1 முதல் 22 வரை கூட்டணும். முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்தா 23, அந்த மாதிரி 11 ஜோடி, 253 ஆட்டம். 1777-இல் ஜெர்மனியில் பிறந்த காஸ் சின்னப் பையனா இருந்தப்போ 1 முதல் 100 வரை இப்படித்தான் கூட்டி 5050 என்று சொன்னதாக ஒரு கதை சொல்வாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனால விட்டுடறேன்.

இப்ப எங்க தெரு அக்கா ஒருத்தங்களைப் பற்றிச் சொல்லணும். அவங்க பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் ஃபெயில். துணைத் தேர்வும் எழுதல. எனக்குக் கணக்கு மண்டையே இல்லைன்னு சொல்லிட்டு மில்லுக்குப் போறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நான் திண்ணையில் உட்கார்ந்து, கோழியும் ஆடும் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். மொத்தம் 30 தலை, 84 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை? நான் கோழி ஒரு எழுத்து, ஆடு ஒரு எழுத்து என்று சமன்பாடு எழுதி அழிச்சு அழிச்சு நோட்டே கிழிஞ்சுபோச்சு. அக்கா எட்டிப் பார்த்தாங்க.

"என்னடி இது, இதுக்குப் போயி இவ்வளவு எழுதற? ஆடெல்லாம் முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மரத்து மேல வச்சுக்கிட்டு தழை கடிக்குதுன்னு வச்சுக்க. இப்ப தரையில எத்தனை கால் இருக்கும்?"

"ஆட்டுக்கும் ரெண்டு, கோழிக்கும் ரெண்டு. 30 தலைக்கு 60."

"மீதி 24 கால் மரத்து மேல. ஒரு ஆட்டுக்கு ரெண்டு கால். ஆடு பன்னெண்டு, கோழி பதினெட்டு."

பேனாவே எடுக்கல. நான் சரி பார்த்தேன். 12 ஆட்டுக்கு 48 கால், 18 கோழிக்கு 36 கால், மொத்தம் 84. சரிதான்.

ராத்திரி அந்தச் சமன்பாடுகளை மறுபடியும் பொறுமையா எழுதினேன். கோழிகளின் எண்ணிக்கை கோ, ஆடுகளின் எண்ணிக்கை ஆ.

கோ + ஆ = 30
2கோ + 4ஆ = 84

முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கினா 2கோ + 2ஆ = 60. இதை ரெண்டாவதில் இருந்து கழிச்சா 2ஆ = 24. நல்லா பாருங்க, அதே 60, அதே 24. 2-ஆல் பெருக்குன்னு புத்தகத்தில் இருக்கே, அதுதான் அக்காவோட ஆடு காலைத் தூக்கினது! இதை நான் மறுநாள் அக்காவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இதுதானா அது? அப்ப யாரும் இப்படிச் சொல்லலையே பாப்பா" என்றாங்க. என் கணக்குப் புத்தகத்தை ரெண்டு நாள் கொடுன்னு வாங்கிட்டுப் போயிருக்காங்க. இன்னும் திருப்பித் தரல. நானும் கேட்கல, பக்கத்துப் பெஞ்சில் பார்த்துக்கறேன்.

அடுத்தது பின்னாடியிருந்து போடுவது. இதை எனக்குக் காட்டினது எங்க அப்பத்தா. பள்ளிக்கூடம் போகாதவங்க. அவங்க போட்ட விடுகதை இது. ஒருத்தன் கொஞ்சம் பூ எடுத்துக்கிட்டு மூணு கோயிலுக்குப் போறான். ஒவ்வொரு கோயிலுக்கு முன்னாடியும் ஒரு குளம். குளத்தில் பூவை முக்கினா அது ரெண்டு பங்காகும். மூணு கோயிலிலும் ஒரே அளவு பூ வச்சான். மூணாவது கோயிலில் வச்சதும் கையில் ஒண்ணும் மிச்சமில்லை. எடுத்துட்டுப் போனது எத்தனை, ஒரு கோயிலில் வச்சது எத்தனை?

முன்னாடியிருந்து போட்டா எத்தனை பூன்னே தெரியாது, எங்கே தொடங்குறது? ஆனா கடைசியில் என்ன மிச்சம்னு தெரியும். ஒண்ணுமில்லை. அங்கிருந்து திரும்பி நடக்கணும். கோயிலில் வைக்கிற அளவை ஒரு பங்குன்னு வைப்போம். மூணாவது கோயிலில் வைக்கும் முன்னாடி கையில் ஒரு பங்கு. குளத்தில் முக்கும் முன்னாடி அரைப் பங்கு. ரெண்டாவது கோயிலில் வைக்கும் முன்னாடி ஒண்ணரைப் பங்கு, முக்கும் முன்னாடி முக்கால் பங்கு. முதல் கோயிலில் வைக்கும் முன்னாடி ஒண்ணேமுக்கால் பங்கு. முக்கும் முன்னாடி அதில் பாதி. பாதி எவ்வளவுன்னு நான் நோட்டைத் தேடறதுக்குள்ள அப்பத்தா "முக்காலே அரைக்கால்" என்றாங்க. அரைக்கால் என்றால் எட்டில் ஒண்ணு. முக்காலே அரைக்கால் என்றால் எட்டில் ஏழு. பூவைப் பிச்சு வைக்க முடியாது. அதனால ஒரு பங்கு 8 பூ, எடுத்துட்டுப் போனது 7 பூ. (16-ம் 14-ம் கூட சரிதான். சின்ன விடை இது.) சரி பார்ப்போம். 7 முக்கினா 14, 8 வச்சா மீதி 6. முக்கினா 12, மீதி 4. முக்கினா 8, மீதி ஒண்ணுமில்லை.

திரும்பி நடக்கும்போது எல்லாம் தலைகீழா மாறணும். ரெண்டு மடங்கு பாதியாகும், கொடுத்தது கூட்டலாகும். ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே இந்தத் தலைகீழ் முறை இருக்கு. பெருக்கல் வகுத்தலாகவும், கூட்டல் கழித்தலாகவும் மாறும் என்று அதில் சொல்லியிருக்காராம். லீலாவதியிலும் இது வருது. அப்பத்தாகிட்ட, "இது 1500 வருஷத்துக்கு முன்னாடியே புத்தகத்துல இருக்கு" என்றேன். "இருக்கட்டும், நீ சோத்தைத் தின்னு" என்றாங்க.

இதெல்லாம் படிச்சுட்டு, வரிசையைப் பார்த்தோமா, அடுத்த எண்ணைச் சொன்னோமா என்று நினைச்சிடாதீங்க. நான் அப்படி நினைச்சு மாட்டினேன். ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் 2 புள்ளி வச்சு இணைச்சா வட்டம் 2 துண்டாகும். 3 புள்ளி வச்சு எல்லாத்தையும் இணைச்சா 4 துண்டு. 4 புள்ளிக்கு 8. 5 புள்ளிக்கு 16. இதுக்கு மேல என்ன யோசனை, 6 புள்ளிக்கு 32 தானே? நான் தைரியமா கரும்பலகையில் 32 என்று எழுதினேன். "எண்ணிப் பார்த்தியா?" என்றாங்க டீச்சர். எண்ணல. எண்ணினேன். 30 வந்தது. மறுபடி வரைஞ்சு எண்ணினேன். 31 வந்தது. ஒரு துண்டை எங்கேயோ தொலைச்சுட்டோம்னு ஒவ்வொரு துண்டுக்கும் கலர் பென்சிலில் நம்பர் போட்டேன். 31 தான். ஆறு புள்ளியையும் சம இடைவெளியில் வச்சா மூணு கோடு நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கும், அதனால் 30 வருது. ஒரு புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வச்சா நடுவில் சின்னதா ஒரு முக்கோணம் பிறக்கும், 31. எப்படி வச்சாலும் 32 வராது.

இறகுப்பந்துக் கணக்கில் 1, 2, 3, 4 என்று வந்ததும் ஒரு வரிசைதான், இதுவும் ஒரு வரிசைதான். என்ன வித்தியாசம்? அங்க ஏன் அப்படி வருதுன்னு காரணம் தெரிஞ்சுது, ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் தோற்கிறார். இங்க ஏன் ரெண்டு மடங்காகணும்னு நான் கேட்கவே இல்லை. சின்ன எண்ணில் பார்க்கிறது வழியைக் காட்டும். ஆனா காரணம் தெரியற வரைக்கும் அது ஊகம்தான். இந்த ஒரு கணக்குக்காக நான் மூணு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தைச் செலவு பண்ணேன். வீணாப் போகல.

நாலாவது வேலை திரும்பிப் பார்ப்பது. இதை நாம யாரும் செய்யறதே இல்லை. விடைக்குக் கீழே ரெண்டு கோடு போட்டதும் அடுத்த கணக்குக்கு ஓடிடுவோம். எங்க வகுப்பில் ஒரு பையன் வயசுக் கணக்கில் தந்தையின் வயது 7, மகனின் வயது 31 என்று எழுதியிருந்தான். இன்னொருத்தர் சுவர் கட்ட ஏழரை ஆட்கள் தேவை என்று எழுதியிருந்தாங்க. (யாருன்னு சொல்ல மாட்டேன். நான் இல்லை.) வந்த விடையைத் திரும்பக் கணக்குக்குள்ள போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். மீட்டரா, சதுர மீட்டரான்னு ஒரு தடவை பார்த்தாலே அரை மார்க் தப்பிக்கும்.

எல்லாம் செய்தும் வரலன்னா? அடுத்த கணக்குக்குப் போயிடலாம், திரும்ப வரலாம். பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ஹென்றி பாயின்கரே ஒரு பெரிய கணக்கோட பல நாள் மல்லுக்கட்டிட்டு, அதை விட்டுட்டு ஒரு பயணம் போனார். வழியில் வண்டியில் ஏறக் காலை வச்ச நொடியில் வழி தோன்றியதாம். இதை அவரே எழுதியிருக்கார். ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னாடி அவர் பல நாள் உட்கார்ந்து யோசிச்சிருக்கார். நாம யோசிக்காமலே விட்டுட்டு வண்டியில ஏறினா வீட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

இந்த வழிகள் தெரிஞ்சா வாய்ப்பாடும் சூத்திரமும் வேண்டாம்னு யாரும் நினைக்கக் கூடாது. சுற்றளவுன்னா என்னன்னே தெரியலன்னா எந்தப் படமும் காப்பாத்தாது. அரையாண்டுத் தேர்வில் எனக்கு 100 எல்லாம் வரல, 58 தான். ஆனா அந்தப் பேப்பரில் வெறும் இடம் ஒண்ணுகூட இல்லை. ஒரு கணக்கில் படமும் ரெண்டு வரியும்தான் எழுதியிருந்தேன், அதுக்கு 2 மார்க். டீச்சர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தாங்க.

கீழே ரெண்டு கணக்கு தருகிறேன்.

ஒண்ணு: அம்மா ஒரு கூடையில் எலுமிச்சம்பழம் கொண்டு போனாங்க. முதல் வீட்டில் இருந்ததில் பாதியும், அதோட இன்னும் ஒரு பழமும் கொடுத்தாங்க. ரெண்டாவது வீட்டில் மீதி இருந்ததில் பாதியும் இன்னும் ஒரு பழமும். மூணாவது வீட்டிலும் அதே மாதிரி. கடைசியில் கூடையில் ஒரே ஒரு பழம் இருந்தது. கொண்டு போனது எத்தனை?

ரெண்டு: ஒரு கடலை மிட்டாய்ப் பாளத்தில் 4 வரிசை, வரிசைக்கு 6 சதுரம், மொத்தம் 24 சதுரம். கோட்டோட ஓரமா ஒரு தடவைக்கு ஒரு துண்டைத்தான் ஒடிக்கலாம், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒடிக்கக் கூடாது. 24 சதுரத்தையும் தனித்தனியா ஆக்க எத்தனை தடவை ஒடிக்கணும்?

விடையை ஒரு தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் பக்கம் இருக்கிற அட்டைப் பெட்டியில் போடுங்க. ஆறாம் வகுப்பு தம்பி தங்கச்சிகளும் போடலாம். விடையை மட்டும் எழுதாதீங்க, எங்கிருந்து தொடங்கினீங்கன்னும் எழுதுங்க. விடை வராதவங்களும் தொடங்கின வரைக்கும் எழுதிப் போடுங்க, அதையும் அடுத்த இதழில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி